அடித்தவன் மதம் கேட்கவில்லை

2014ஆம் ஆண்டு ஆடி மாதம். எங்க காலனிப் பையன்கள் ரெண்டு பேர், என் அண்ணனும் சித்தப்பா மகனும், ஊர்த்தெரு வழியாக ஒரே வண்டியில் போனார்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு போகவில்லை என்பது குற்றம். டீக்கடைக்கு முன்னால் மறித்து அடித்தார்கள். ஒரே சவுக்குக்கட்டை. ஒரே வசவு. சாதிப் பேரைச் சொல்லித்தான் ரெண்டு பேரையும் அடித்தார்கள். அண்ணனுக்குக் கை முறிந்தது. தம்பிக்கு மண்டையில் பதினோரு தையல்.

காவல் நிலையத்தில் சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். அண்ணனுடையதில் 'இந்து ஆதிதிராவிடர்'. தம்பியுடையதில் 'ஆதிதிராவிடரிலிருந்து கிறிஸ்தவ மதத்துக்கு மாறியவர், பிற்படுத்தப்பட்ட வகுப்பு'. அவ்வளவுதான். அண்ணனுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்; எங்க சனங்க வாயில் பி.சி.ஆர். கேஸ். தம்பிக்குச் சாதாரண அடிதடி. அண்ணனுக்கு அரசாங்க நிவாரணம். தம்பிக்கு ஊசி மருந்துக்கும் கைக்காசு. "நீயும் பி.சி., அவனும் பி.சி. பி.சி.யும் பி.சி.யும் அடிச்சுக்கிட்டா அதுல தீண்டாமை எங்கய்யா வந்துச்சு?" என்று கேட்டார் ஏட்டு. கேலிக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. சட்டத்துக்கே புரியாதது ஏட்டுக்கு எப்படிப் புரியும்?

தலையில் கட்டோடு வெளியே வந்த தம்பி சொன்னான்: "அடிச்சவன் எங்கிட்ட மதம் கேக்கலியேக்கா."

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அரசு இருக்கிறது. திருச்சபை இருக்கிறது. இந்துத்துவக்காரர்கள் இருக்கிறார்கள். தோழர்களே, நாமும் இருக்கிறோம்.

ஒரே வயிற்றில் பிறந்தவர்களின் பிள்ளைகள் எப்படி ரெண்டு மதம் ஆனார்கள்? எங்க ஆயாவின் பாட்டன் காலத்தில், தாது வருஷப் பஞ்சத்தில், மிஷன் கஞ்சித்தொட்டிக்குப் போய் வேதத்தில் சேர்ந்த குடும்பம் அது. 'கஞ்சிக்கு மாறினவன்' என்று இன்னமும் கேலி பேசுகிறார்கள். பசித்தவன் கஞ்சி ஊற்றியவனிடம் போனது கேவலம். பசிக்க வைத்தவனின் மதம் புனிதமாம். ஆயாவுக்கு இந்த வழக்கெல்லாம் தெரியாது. மாதா கோயில் தேருக்கு மெழுகுவத்தி ஏற்றுவாள். ஆடியில் மாரியாத்தாவுக்குக் கூழ் ஊற்றுவாள். "எந்தச் சாமியாடி நம்மள நடு வீட்டுல உக்கார வச்சுது?" என்பாள்.

அவள் பெற்ற ரெண்டு பிள்ளைகளில் என் அப்பா உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். வாத்தியார் தன் இஷ்டத்துக்கு 'இந்து' என்று எழுதினார். சித்தப்பாவுக்குச் சாமியார் போர்டிங்கில் இடம் கிடைத்தது. அங்கே ஞானஸ்நானப் பெயரைப் பார்த்து 'கிறிஸ்தவர்' என்று எழுதினார்கள். ரெண்டு பேனா, ரெண்டு கட்டம். யாரும் அவர்களிடம் உன் நம்பிக்கை என்ன என்று கேட்கவில்லை. மதம் என்று நாம் பெருமையாகவும் வெறுப்பாகவும் பேசிக்கொண்டிருக்கிற பாதி, இப்படி வேறொருவன் பேனாவில் நிரம்பிய கட்டம்தான்.

இந்தக் கட்டத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1936இல் வெள்ளைக்கார அரசு போட்ட பட்டியல் சாதியினர் ஆணையிலேயே இந்தியக் கிறிஸ்தவர் எவரும் பட்டியல் சாதியாகக் கருதப்படமாட்டார் என்று எழுதிவிட்டார்கள். சுதந்திரம் வந்தது. 1950 ஆகஸ்டு 10 அன்று குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. அதன் மூன்றாவது பத்தி இந்து அல்லாதவரை வெளியே தள்ளியது. பஞ்சாபின் நான்கு சீக்கியச் சாதிகளுக்கு மட்டும் விதிவிலக்கு. 1956இல் சீக்கிய தலித்துகள் எல்லாரையும் சேர்த்தார்கள். அதே 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் லட்சக்கணக்கான மக்களோடு அம்பேத்கர் பௌத்தம் தழுவினார். அவர் பின்னால் போன சனம் ஒன்றிய அரசின் பட்டியலில் மீண்டும் இடம்பெற 1990 வரை, 34 ஆண்டுகள், காத்திருந்தது. கிறிஸ்தவ தலித்துகளும் முஸ்லிம் தலித்துகளும் இன்னும் வெளியேதான்.

இதன் பொருள் என்ன? சாதி இந்து மதத்துக்குள்தான் இருக்கிறது என்று அரசு ஒப்புக்கொள்கிறதா? அப்படியானால் அதைச் சட்டப் புத்தகத்தில் வெளிப்படையாக எழுதட்டும், நாங்கள் வரவேற்கிறோம். இல்லை, சாதி எல்லா இடத்திலும் இருக்கிறது என்கிறதா? அப்படியானால் தம்பியின் மண்டைக்கு ஏன் வேறு சட்டம்? ரெண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ரெண்டையும் சொல்லாமல் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டிவிட்டார்கள்.

நீதிமன்றத்துக்குப் போனால்? சென்னையில் பாதையோரம் உட்கார்ந்து செருப்பு தைத்த சூசை என்பவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். இந்துவாக இருந்த செருப்புத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. அதே தெரு, அதே தோல், அதே ஊசி. ஆனால் கிறிஸ்தவர் என்று இவருக்கு இல்லை. மதம் மாறிய பிறகும் அந்த இழிவு அதே கடுமையோடு தொடர்கிறது என்பதை நிரூபிக்கவில்லை என்று 1985இல் வழக்கைத் தள்ளினார்கள். மதம் மாறினால் செருப்பு தானாகத் தைத்துக்கொள்ளுமா என்ன?

2024 நவம்பரில் இன்னொரு தீர்ப்பு. புதுச்சேரியில் எழுத்தர் வேலைக்காக எஸ்.சி. சான்றிதழ் கேட்ட ஒரு பெண்ணுக்கு, நீ ஞானஸ்நானம் பெற்றவள், கோயிலுக்குப் போகிறவள் என்று மறுத்தார்கள். நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் மதம் மாறுவது அரசியலமைப்பின் மீதான மோசடி என்றார்கள். ஒரு பெண் எந்தக் கோயிலில் முழங்கால் போட்டாள் என்று தோண்டிப் பார்க்கிற அரசு, எந்தத் தெருவில் அவளைத் தள்ளி வைத்தார்கள் என்று பார்க்கவில்லை. இதற்கு நடுவில் 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாவது பத்தியை நீக்கச் சொன்னது. 2022இல் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஆணையம் மேல் ஆணையம். எங்களை ஆராய்ந்து ஆராய்ந்தே சாகடிப்பார்கள்.

சரி, அரசை மட்டும் திட்டிவிட்டுப் போக முடியுமா? திருச்சபையின் யோக்கியதை என்ன? ஆண்டுதோறும் ஆகஸ்டு 10 அன்று கறுப்புக்கொடி பிடிக்க எங்க சித்தியை வேனில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். நல்லது, போகட்டும். அவள் திரும்பி வந்து செத்தால் எங்கே புதைப்பார்கள்? திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் சாதிச் சுவர் நின்றது ஊரறிந்த கதை. 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்ட எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கரைச் சாதிக் கத்தோலிக்கர் தாக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ரெண்டு பேர் செத்தார்கள். ஒரே பீடம், ஒரே அப்பம், ஒரே ஜெபமாலை. 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே ஒப்புக்கொண்டது: 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள். அந்த எண்ணிக்கைக்குத் தக்க ஆயர்கள் எங்கே?

'தாய்மதம் திரும்பு' என்கிறவனிடம் ஒரே கேள்வி. திரும்பி வந்தால் எந்தத் தெருவில் வீடு தருவாய்? 1981இல் மீனாட்சிபுரத்தில் சுமார் 180 குடும்பம் இஸ்லாத்துக்குப் போனபோது தில்லி வரைக்கும் பதறினார்கள். அதுவரை அந்தச் சனம் பட்ட அடிக்கு எவன் பதறினான்? தலித் போனால் எண்ணிக்கை குறையும் என்ற பதற்றம்தான் அது. தலித் சாவதற்கு அவ்வளவு பதற்றம் இல்லை.

'மதமே வேண்டாம் என்றால் பிரச்சினை தீர்ந்ததே' என்று நம் பகுத்தறிவுத் தோழர்கள் சொல்வார்கள். நானும் சாமி கும்பிடாதவள்தான். பள்ளிக்கூடத்தில் சாதி, மதக் கட்டங்களைக் காலியாக விடலாம் என்று 1973லேயே தமிழ்நாட்டில் அரசாணை இருக்கிறது. அதை நம்பி மகள் பெயருக்கு நேரே மதம் எழுதாமல் விட்டேன். பிறகு சாதிச் சான்றிதழுக்குப் போனேன். "மதம் இல்லேன்னா எஸ்.சி.ன்னு எப்படிம்மா குடுக்கறது? இந்துன்னு போட்டுடு, வேலை முடிஞ்சுது" என்றார் அலுவலகத்தில் இருந்தவர். 1955இன் இந்து திருமணச் சட்டத்தைப் பாருங்கள். முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாத எல்லாருக்கும் பொருந்தும் என்கிறது. பௌத்தரையும் சேர்த்தே இந்து என்கிறது. ஆக, நம்பாதவனும் இந்து, நாகபுரியில் இந்து மதத்தைக் கைவிட்டவனும் இந்து. சாதியை ஒழிக்கக் கடவுளை மறுத்தவள் கையில், உரிமை வேண்டுமானால் இந்து என்று எழுது என்று பேனாவைக் கொடுக்கிறார்கள். எழுதினேன். பிள்ளையின் படிப்புக்காக எழுதினேன். அந்த அவமானத்தை இங்கே பதிந்து வைக்கிறேன்.

அப்படி எழுதிய என் கையும் எழுதாத தம்பி கையும் எங்கே போய்ப் பிரிந்தன தெரியுமா? நம் கூட்டத்தில்தான். தம்பிக்காகப் போராட வேண்டும் என்று நான் சொன்னபோது ஒரு தோழர் கேட்டார்: "இருக்கிறதே 18 விழுக்காடு. அதுலயும் பங்குக்கு வந்தா நம்ம பிள்ளைங்க என்ன பண்ணும்?" இன்னொருவர், "அவங்களுக்கு ஃபாரின் காசு வருது" என்றார். ஊர்க்காரன் பேசுகிற பேச்சு நம் வாயில் வந்து உட்கார்ந்திருந்தது. சித்தி வீட்டுக்கூரை இன்னமும் ஒழுகுகிறது தோழர். எந்த ஃபாரின் காசும் அந்த ஓட்டையை அடைக்கவில்லை.

18 விழுக்காட்டுக் கவலை பொய்க்கவலை இல்லை. பயப்படுகிறவனை நான் பழிக்கவில்லை. ஆனால் அதற்கு வழி உண்டு. இன்றைக்குத் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் எண்ணப்படுகிற மக்கள் இந்தப் பக்கம் வரும்போது, அவர்களுக்குரிய விழுக்காட்டையும் கூடவே கொண்டு வர வேண்டும். ஆளோடு பங்கும் வர வேண்டும் என்று அரசிடம் கேட்காமல், ஆளே வராதே என்று சொந்தத் தம்பியிடம் சொல்வது என்ன அரசியல்?

இன்னொரு கேள்வியும் வரும். 'அப்படியானால் மதம் மாறியதே வீண் என்கிறாயா? அயோத்திதாசர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கம் கண்டாரே, அம்பேத்கர் பௌத்தரானாரே?' வீண் இல்லை. அவர்கள் தங்கள் காலால் நடந்து வெளியேறினார்கள். அது விடுதலை. நான் எதிர்ப்பது, நடந்து வந்தவன் நெற்றியில் வேறொருவன் குத்துகிற முத்திரையை. நம்பிக்கை மனிதன் தேடிக்கொள்வது. முத்திரை மாட்டுக்குக் குத்துவது. மாரியாத்தாவோ மாதாவோ அல்லாவோ புத்தரோ, யாருமே இல்லையோ, அது அவரவர் பாடு. சேரிக்குள் சாமி எத்தனை இருந்தாலும் ஊர்க்காரன் கணக்கில் சேரி ஒன்றுதான். அவனுக்குத் தெரிந்தது நமக்கு ஏன் தெரியவில்லை?

அண்ணன் கேஸ் நடந்தது. தம்பி கேஸைப் பஞ்சாயத்துப் பேசி முடிக்க வைத்தார்கள். ஒரே கட்டையால் அடித்தவனுக்கு ஒரு மண்டை கணக்கில் வந்தது, இன்னொன்று வரவே இல்லை. அதற்குப் பிறகு ரெண்டு வீட்டுக்கும் இடையில் ஒரு மௌனம் விழுந்தது. அந்த மௌனத்தை அரசு ஒரு பத்தியால் உண்டாக்கியது. அதை வளர்த்தது நாம்.

எனவே, மூன்றாவது பத்தியை நீக்கு என்று அரசிடம் கேட்போம். கல்லறைச் சுவரை இடி என்று ஆயரிடம் கேட்போம். அதற்கு முன்னால் நம் கூட்டத்துக்கு வருகிற பையனிடம் 'தம்பி, நீ இந்துவா, கிறிஸ்தவனா?' என்று கேட்பதை நிறுத்துவோம். எங்கே அடிபட்டது என்று கேட்போம்.