குறியில்லா ஆய்வும் கரிசல் உழவனும்

வில்லெடுத்தவன் முதலில் குறியைக் காணவேண்டும். குறி காணாமல் எய்த அம்பு எவ்வளவு விரைந்து சென்றாலும் வீணே. இந்திய அரசின் பருத்தி ஆய்வு அத்தகைய அம்பாகிப் போனதை எண்ணிப் பார்க்கக் கரிசல் நிலத்தினும் தக்க இடம் வேறில்லை.

கோவிற்பட்டி வேளாண் ஆய்வு நிலையம் 1901-இல் தோன்றியது. கருங்கண்ணி என்னும் நம் நாட்டுப் பருத்தியில் தேர்ந்தெடுத்த வகைகள் பலவற்றை அது உழவர்க்கு அளித்தது. வறட்சியையும் சாறுறிஞ்சும் பூச்சிகளையும் தாங்கி நிற்கும் இனம் அது. அவ்வாய்வுக்குக் குறி இருந்தது: இந்த மண், இந்த மழை, இந்த உழவன்!

நடுவணரசின் ஆய்வோ வேறு வழிச் சென்றது. அமெரிக்க நிறுவனமான மான்சாண்டோவின் மரபணுவைத் தாங்கிய பி.டி. பருத்திக்கு 2002-இல் அரசு இசைவளித்தது. அவை கலப்பின வித்துகள். ஆண்டுதோறும் காசு கொடுத்து வாங்கவேண்டியவை. இதற்கு மாற்றாக, உழவனே வித்தெடுத்து மீண்டும் விதைக்கத்தக்க பி.டி. வகையொன்றை உருவாக்க நாகபுரி நடுவண் பருத்தி ஆய்வு நிறுவனமும் தார்வாடு வேளாண் பல்கலைக்கழகமும் முனைந்தன. நல்ல நோக்கமே! பீகானேரி நர்மா என்னும் வகையில் அமைந்த அவ்வித்து, 2008-இல் ஒப்புதல் பெற்று, 2009-இல் உழவர் கைக்கு வந்தது. அவ்வாண்டே நிறுத்தவும் பட்டது. ஏன்? அதனுள் மான்சாண்டோவின் மரபணுவே கலந்திருந்தது! இதனை ஆராய்ந்த சோபோரி குழுவின் அறிக்கை 2012-இல் கலப்பை உறுதிசெய்தது.

பல கைகள் மாறிய வித்து தூயதா என வெளியிடுமுன்பே ஆய்ந்திருந்தால் இவ்விழுக்கு நேர்ந்திராது. 'ஒருங்கிணைப்பு' என்னும் சொல் பெயர்ப்பலகையில் இருந்து பயனென்ன? எல்லாரும் பொறுப்பாளர் என்றால் ஒருவரும் பொறுப்பாளர் அல்லர் என்பதே பொருள்.

இனி, குறியைப் பற்றிய வினா. பி.டி. மரபணு காய்ப்புழுவைத் தடுப்பதற்கானது; வறட்சியைத் தடுப்பதற்கன்று. அதனையும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு வென்றுவிட்டது. பீகானேரி நர்மாவோ அமெரிக்கப் பருத்தி இனத்தைச் சேர்ந்தது. மழை பொய்த்தால் வாடும் கரிசல் உழவனுக்கு அதில் என்ன இருந்தது?

அறிவியலை நாம் வெறுக்கவில்லை; அது நம் மண்ணில் காலூன்ற வேண்டும் என்றே சொல்கிறோம். கருங்கண்ணியின் இழை குட்டையானது. ஆலைகள் நீண்ட இழையையே நாடுகின்றன. இஃது உண்மையே. அக்குறையை நீக்குவதே ஆய்வின் குறியாகட்டும்!

எந்த ஆய்வுத் திட்டமும், எந்த நிலத்துக்கு, எந்த உழவனுக்கு, எத்தனை ஆண்டுக்குள் என்று முதலிலேயே எழுதி வைக்கட்டும். தொடக்கம் முதல் வெளியீடு வரை விடையிறுக்க ஒருவர் நிற்கட்டும். வெற்றியும் தோல்வியும் உழவன் படிக்கும் தமிழில் ஊர்தோறும் அறிவிக்கப்படட்டும்.

வள்ளுவர் தெரிந்துசெயல்வகைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். அவர் பிறந்த நாட்டில், மக்கள் வரிப்பணம் குறியறியா அம்பாக வீணாவதோ? கரிசல் உழவர்களே, கேளுங்கள்! கேளாதவரை எவரும் விடை சொல்லப்போவதில்லை.