வண்டிக்குள் ஒரு வழிகாட்டி



பழைய கார் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்திய மறுவாரமே குடும்பத்தில் எழும் முதற் கோரிக்கை எது என்று நினைக்கிறீர்கள்? டயர் மாற்றுவதன்று, இன்சூரன்ஸில் பெயர் மாற்றுவதுமன்று. "இந்தப் பழைய ரேடியோவைக் கழற்றிவிட்டுப் பெரிய திரை உள்ள செட் ஒன்று மாட்டலாமே" என்பதுதான். பிள்ளைகள் தொடங்குவார்கள். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருக்கும் மச்சான் அதற்கு ஒத்து ஊதுவார். "ஊர் ஊராகக் கல்யாணத்துக்குப் போகிறோம், வழியும் காட்டுமாமே" என்று இல்லத்தரசியும் சொல்லிவிட்டால் தீர்ப்பு முடிந்தது. எங்கள் இல்லத்திலும் அவ்வாறே முடிந்தது. மூன்றாண்டுகளாக அந்தச் செட்டோடு வாழ்ந்து வருகிறேன். மாட்டப்போகும் குடும்பங்களுக்கும் மாட்டிவிட்ட குடும்பங்களுக்கும் சில செய்திகளைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் இம்மாதப் பக்கத்தை அதற்கு ஒதுக்குகிறேன்.

முதலில் அதன் உடலைப் பார்ப்போம். காரின் டேஷ்போர்டில் ரேடியோவுக்கென விடப்படும் பள்ளத்துக்கு ஜெர்மனியில் வகுக்கப்பட்ட அளவு ஒன்று உண்டு. அகலம் 180 மில்லிமீட்டர், உயரம் 50 மில்லிமீட்டர். உயரம் அதைப்போல் இருமடங்காக இருப்பதைக் கடைக்காரர்கள் 'டபுள் டின்' என்பார்கள். ஒருவர் செய்த வண்டியில் இன்னொருவர் செய்த செட்டைப் பொருத்த முடிவதே இந்த அளவு ஒற்றுமையால்தான். ஆனால் இப்போது வரும் ஒன்பது, பத்து அங்குலத் திரைகள் அந்தப் பள்ளத்துக்குள் அடங்குவதில்லை. அந்தந்த வண்டிக்கென வார்த்த பிளாஸ்டிக் சட்டத்தின்மேல் முன்னே துருத்திக்கொண்டு நிற்கின்றன. சில வண்டிகளில் ஏ.சி. காற்று வரும் வாயையும், அவசரக் காலத்தில் நான்கு பக்க விளக்குகளும் மின்னச் செய்யும் பொத்தானையும் மறைத்துவிடுகின்றன. காசு கொடுக்குமுன் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அழகைவிட வயரில்தான் விஷயம் இருக்கிறது. செட்டுக்குப் பின்னால் ஒரு கொத்து வயர்கள் தொங்கும். பெரும்பாலான செட்டுகளில் மஞ்சள் வயருக்கு எப்போதும் பேட்டரியிலிருந்து மின்சாரம் வரவேண்டும். நேரத்தையும் நிலையங்களையும் நினைவில் வைத்திருப்பதற்கு அது. சிவப்பு வயருக்குச் சாவியைத் திருப்பினால் மட்டுமே மின்சாரம் வரவேண்டும். கறுப்பு, வண்டியின் உடலோடு சேர்வது. வேலையை விரைவில் முடிக்க விரும்பும் சில மெக்கானிக்குகள் மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கிப் பேட்டரியோடு நேரே சேர்த்துவிடுகிறார்கள். செட் அன்று பாடும், மறுநாளும் பாடும். ஆனால் நீங்கள் சாவியை எடுத்த பின்னும் அது உறங்குவதில்லை. இரண்டு வாரம் வண்டியை எடுக்காமல் வெளியூர் சென்று திரும்பினால் பேட்டரி செத்துக் கிடக்கும். நோயாளியை ஏற்றிக்கொண்டு நள்ளிரவில் புறப்பட வேண்டிய வேளையாக அது அமைந்துவிட்டால் என்ன செய்வது?

இன்னொன்று: வண்டியின் சொந்த வயரை அறுத்து முடிச்சுப்போட்டு டேப் சுற்ற அனுமதிக்காதீர்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அந்த டேப்பின் பசை இளகி வழன்றுவிடும். வெறும் செம்புக் கம்பி இரும்பில் உரசினால், நல்ல பியூஸ் இருந்தால் பியூஸ் போகும். பியூஸுக்குப் பதில் கம்பியைச் செருகியிருந்தால் டேஷ்போர்டே புகையும். ஒவ்வொரு வண்டிக்கும் பொருந்தும் கப்ளர் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்கிச் செருகச் சொல்லுங்கள். உத்தரவாதக் காலம் முடியாத வண்டியாக இருந்தால் இது இன்னும் முக்கியம். அறுபட்ட வயரைக் கண்டால் கம்பெனி சர்வீஸில் கையை விரித்துவிடுவார்கள்.

பெட்டியின்மேல் '50 வாட்ஸ், நான்கு' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது கணநேர உச்சம். தொடர்ந்து தரக்கூடியது ஸ்பீக்கர் ஒன்றுக்குப் பதினைந்து முதல் இருபது வாட்ஸ் வரைதான். கிராஅத் கேட்கவும் பயான் கேட்கவும் நாகூர் ஹனீபா அவர்களின் கம்பீரக் குரலைக் கேட்கவும் அது தாராளம்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய வயருக்கு வருகிறேன். அந்தக் கொத்தில் மெல்லியதாக ஒரு வயர் இருக்கும். அதைக் கைப்பிரேக்கின் சுவிட்சோடு சேர்க்க வேண்டும் என்று செட்டோடு வரும் குறிப்புத்தாளில் எழுதியிருக்கும். வண்டி நின்று, கைப்பிரேக் இழுக்கப்பட்டிருந்தால் மட்டுமே திரையில் படம் ஓடும். வண்டி நகரும்போது ஓடாது. செய்தவர்கள் வேண்டுமென்றே வைத்த பூட்டு இது. நம்மூர்க் கடைகளில் இந்தப் பூட்டு பெரும்பாலும் பிறந்த அன்றே உடைக்கப்படுகிறது. அந்த வயரைக் கறுப்பு வயரோடு சேர்த்து முறுக்கிவிட்டால், கைப்பிரேக் எப்போதும் இழுத்தே இருப்பதாகச் செட் நம்பிவிடும். "படம் ஓட்டிக்கொண்டே போகலாம் பாய்" என்று கடைக்காரர் அதை ஒரு சலுகைபோலச் சொல்வார். மலிவான ஆண்ட்ராய்டு செட்டுகளில் பலவற்றுக்கு இந்தப் பூட்டே கிடையாது.

பிள்ளைகளின் அழுகையை அடக்கப் படம் போடுகிறோம் என்கிறார்கள் பெற்றோர். பிள்ளைகள் பின்னே இருக்கிறார்கள். திரை ஓட்டுபவரின் முழங்கைக்கு அருகே இருக்கிறது. அசைகின்ற படத்தை நோக்கிக் கண் போவது அதன் இயல்பு. எத்துணை உறுதியுள்ளவர்க்கும் போகும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடியில் வண்டி 22 மீட்டர் ஓடுகிறது. இரண்டு நொடி திரையைப் பார்த்தால் 44 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். ஆட்டுக்குட்டி ஒன்றோ, மதரஸா விட்டு ஓடிவரும் பிள்ளை ஒன்றோ சாலையைக் கடப்பதற்கு அந்தத் தூரம் போதும். என்னிடம் ஓதும் பிள்ளைகள் மாலையில் கலையும்போது வாசலில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பது என் அன்றாட வேலை. நீல வெளிச்சம் முகத்தில் அசைய, தலையைச் சற்றே இடப்புறம் திருப்பியபடி வரும் ஓட்டுநர்களை வாரத்துக்கு ஒருவரேனும் காண்கிறேன். உங்கள் செட்டில் அந்த வயர் எங்கே சேர்ந்திருக்கிறது என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். தவறாக இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை.

பின்புறக் காமிராவைப் பற்றி நல்லதே சொல்வேன். ரிவர்ஸ் கியர் போட்டவுடன் பின்னால் நிற்பதைத் திரை காட்டுகிறது. தவழும் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இது ஓர் அருங்கொடை. ஆயினும் மழைத்துளியும் சேறும் அதன் கண்ணை மறைத்துவிடும். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு ஏறும் பழக்கத்தை அதற்காகக் கைவிட வேண்டாம். சத்தத்தைப் பற்றி ஒரே சொல்: பின்னால் வரும் ஆம்புலன்ஸின் ஒலி உங்கள் காதில் விழாத அளவுக்கு எதையும் வைக்காதீர்கள், அது மார்க்கச் சொற்பொழிவாக இருந்தாலும் சரியே.

வழிகாட்டுவதுதான் இக்கருவியின் பெரும் வித்தை. பூமியிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்காவின் செயற்கைக்கோள்கள் சுற்றி வருகின்றன. முதற்கோள் 1978இல் ஏவப்பட்டது. முழு அமைப்பும் 1995இல் இயங்கத் தொடங்கியது. ஒவ்வொரு கோளும் 'இப்போது மணி இத்தனை' என்று சொல்லிக்கொண்டே போகிறது. நம் செட் அதைக் கேட்டு, செய்தி வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது. இடத்தை அறிய மூன்று கோள்கள். செட்டின் மலிவான கடிகாரத்தின் பிழையைத் திருத்த நான்காவது. தொடக்கத்தில் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே பிழை கலந்த செய்தியையே கொடுத்து வந்தார்கள். 2000 மே 2ஆம் நாள்தான் அந்தக் கலப்படம் நின்றது. அதன் பிறகே தெருவளவுக்கு நுணுக்கமாக இது வழிகாட்ட முடிந்தது.

அரபு மாலுமிகள் இதே வேலையைக் கையகலப் பலகையாலும் முடிச்சிட்ட கயிற்றாலும் செய்தார்கள். அதற்குக் 'கமால்' என்று பெயர். கயிற்றின் முடிச்சைப் பல்லில் கடித்து, பலகையின் கீழ் விளிம்பைத் தொடுவானத்திலும் மேல் விளிம்பைத் துருவ நட்சத்திரத்திலும் பொருத்திப் பார்த்தால், வடக்கு தெற்கில் தாம் எங்கே இருக்கிறோம் என்பது தெரியும். கிழக்கு மேற்கை அது சொல்லாது. அதனால் அவர்கள் நீரின் நிறத்தையும் பறவைகளையும் பார்த்துக்கொண்டே சென்றார்கள். 1985இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 'ஈடாக்' என்ற கார் வழிகாட்டிக்குச் செயற்கைக்கோளே தேவைப்படவில்லை. சக்கரத்தின் சுழற்சியையும் திசைகாட்டியையும் கொண்டு கணக்கிட்டது. வரைபடங்கள் எதில் இருந்தன தெரியுமா? நாம் பாட்டுக் கேட்ட அதே ஒலிநாடா கேசட்டில்!

இதில் பின்னர் மாட்டும் செட்டுக்கு உள்ள குறை தெரியவருகிறது. கம்பெனியிலேயே பொருத்தி வரும் வழிகாட்டிகள் பல, சக்கரத்தின் ஓட்டத்தையும் அறிந்துகொள்கின்றன. சுரங்கப்பாதைக்குள் கோள்களின் செய்தி அறுந்தாலும் குத்துமதிப்பாக வழி சொல்லும். நாம் கடையில் மாட்டியது பெரும்பாலும் கோள்களை மட்டுமே நம்பியிருப்பது. அதனுடன் வரும் தீப்பெட்டி போன்ற கறுப்பு ஆண்டெனாவை இரும்புத் தகட்டுக்கு அடியில் எறிந்துவிட்டால், பாவம், அதற்கு வானமே தெரியாது. முன்கண்ணாடியின் அடிவிளிம்பில் ஒட்டச் சொல்லுங்கள். மேலும், இருப்பிடம் அறிய இணையம் தேவையில்லை. வரைபடத்தை இறக்கவே இணையம் வேண்டும். வெளியூர் புறப்படுமுன் அந்தப் பகுதியின் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத காட்டிலும் வழி தெரியும்.

ஆனால் பாதை அறிதல் வேறு, பாதையின் நிலை அறிதல் வேறு. 2023 அக்டோபர் முதல் நாள் பின்னிரவில், கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் கோதுருத்து அருகே, மழையில் சென்ற கார் ஆற்றில் பாய்ந்து இளம் மருத்துவர் இருவர் உயிரிழந்தனர். 2024 நவம்பர் 24 அன்று உத்தரப் பிரதேசத்தின் பரேலிப் பகுதியில், வெள்ளம் ஒரு பகுதியை அடித்துச் சென்றிருந்த ராமகங்கைப் பாலத்திலிருந்து கார் விழுந்து மூவர் மாண்டனர். இரண்டிலும் வழிகாட்டிச் செயலி காட்டிய வழியே சென்றதாகச் செய்திகள் வெளிவந்தன. அந்தத் தாய்மார்களை நினைத்துப் பாருங்கள்.

எங்கள் காவிரிப்படுகையில் வாய்க்கால் கரைகளெல்லாம் வரைபடத்தில் சாலைகளே. குறுக்குவழி என்று கருவி அதைத்தான் காட்டும். ஒரு கார்த்திகை மாதத்து மாலையில், உறவினர் வீட்டு நிக்காஹ்வுக்குச் செல்லும்போது, என் தங்கை மகன் வண்டியை ஓட்டினான். கருவி 'இடப்பக்கம் திரும்பவும்' என்றது. பின் இருக்கையில் இருந்த என் உம்மா, "நிறுத்து வாப்பா. அது வானத்துலேருந்து பாக்குது. கரையில தண்ணி நிக்கிறது அதுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கடையில ஒரு வார்த்தை கேளு" என்றார்கள். டீக்கடையில் இருந்த பெரியவர் எழுந்து வந்து, மதகுப்பாலத்தில் வேலை நடப்பதாகவும் கரை முழுதும் சேறு என்றும் சொல்லி, சுற்றுவழியைக் கையால் காட்டினார். ஏழு கிலோமீட்டர் கூடுதல். கருவி விடாமல் 'திரும்பிச் செல்லவும்' என்று கூறிக்கொண்டே வந்தது. உம்மா, "சரிம்மா, சரிம்மா" என்று அந்தப் பெண்குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

சட்டமும் இதில் ஒரு வரம்பு கட்டியிருக்கிறது. 2020 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, ஓட்டும்போது கைப்பேசியை வழி அறிய மட்டுமே பயன்படுத்தலாம். அதுவும் ஓட்டுபவரின் கவனம் சிதறாத வகையில். ஆகவே புறப்படுமுன்னரே ஊரைக் குறித்துவிடுங்கள். இடையில் மாற்ற வேண்டுமானால் அருகில் இருப்பவர் மாற்றட்டும். எங்கள் வண்டியில் அந்தப் பொறுப்பு என் மகளுக்கு. ஒரே பெயரில் மூன்று ஊர்கள் இருக்கும் நம் நாட்டில், மாவட்டத்தையும் சேர்த்துப் பார்த்துக் குறிப்பதில் அவள் கெட்டி.

வாசகர் பலர் கேட்கக்கூடியது ஒன்று: வழியில் தொழுகைக்கு நிறுத்தினால் கிப்லாவை இந்தத் திரையில் பார்க்கலாமா? திசைகாட்டி முள் உள்ளே இல்லாத செட்டுகளில் பார்க்க முடியாது. வண்டி நகரும்போதுதான் அடுத்தடுத்த இருப்பிடங்களைக் கொண்டு திசையைக் கணிக்கும். நின்றுவிட்டால் அம்புக்குறி மனம்போனபடி சுழலும். சென்னையில் கிப்லா, நேர்மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 பாகை வடக்கே சாய்ந்திருக்கிறது. சாயும் கதிரவனைப் பார்த்து அளவாய்த் திரும்பத் தெரிந்தவர்களுக்கு இது போதும். ஐயமிருந்தால் அருகில் உள்ள பள்ளிவாசலின் சுவரைப் பாருங்கள்.

கடைசியாக, வண்டியை விற்கும்போதும் வாங்கும்போதும் கவனிக்க வேண்டியது. கைப்பேசியைப் புளூடூத் வழியே இணைத்தவுடன் செட், உங்கள் தொலைபேசிப் புத்தகத்தைத் தன்னுள் படியெடுத்துக்கொள்ளும். உறவினர் ஒருவர் சென்ற ஆண்டு வாங்கிய வண்டியின் செட்டில், முன்னாள் உரிமையாளர் வீட்டுப் பெண்மக்களின் பெயர்களும் எண்களும் வரிசையாக இருந்தன. 'வீடு' என்ற குறியைத் தொட்டால் அவர்கள் வாசல்வரை வழியும் காட்டியது. அமைப்புகள் பகுதிக்குள் சென்றால், செட்டைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும் பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்தி, எல்லாம் அழிந்ததா என்று மீண்டும் திறந்து பார்த்த பிறகு சாவியைக் கொடுங்கள். உறவினர் அன்றே அவ்வாறு அழித்துவிட்டு, பழைய உரிமையாளருக்கும் தொலைபேசியில் சொன்னார். அவர் வாங்கியிருந்த புது வண்டியிலும் செட் மாட்ட அன்றுதான் கடையில் நின்றுகொண்டிருந்தாராம்.