பிரதிஷ்டைக் கணக்கு

ஜெருசலேமில் சாலமோன் நடத்திய ஆலயப் பிரதிஷ்டை என்றால் அவருடைய பிரார்த்தனையைத்தான் எல்லோரும் சிலாகிக்கிறார்கள். எனக்கு பி.காம். புத்தி, செலவுப் பக்கத்தைப் புரட்டினேன். பலி கொடுத்த மாடுகள் 22,000, ஆடுகள் 1,20,000. பைபிள் சொல்லும் கணக்கு. கொஞ்சம் கூட்டித்தான் எழுதியிருப்பார்கள், போகட்டும். லெபனானில் மரம் வெட்டக் கட்டாய வேலைக்குப் பிடித்த ஆட்கள் 30,000. மாதம் பத்தாயிரம் பேர், ஷிப்ட் முறையில். ஆலயம் கட்ட 7 வருஷம். ராஜாவின் அரண்மனைக்கோ 13!

வானமே கொள்ளாத கடவுளை இந்த வீடா கொள்ளும் என்று பிரார்த்தனையில் அவரே கேட்கிறார். அப்புறம் யாருக்காக சார் கட்டினீர்கள்?

அப்பா வைத்த சுமையைக் குறையுங்கள் என்று ஜனங்கள் மகன் ரெகொபெயாமிடம் கேட்டார்கள். கூட்டுவேன் என்றார் மகன். ராஜ்யம் இரண்டாகப் பிளந்தது. கட்டாய வேலைக்குப் பொறுப்பான அதோராமை அனுப்பிவைத்தார். கல்லால் அடித்தே கொன்றுவிட்டார்கள்.