அரசர் முகத்தின் மேல் அச்சான எழுத்து

பரணில் பழைய தபால் தலை ஆல்பம் கிடக்கும் குடும்பங்கள் இன்றும் நம்மிடையே உண்டு. அதில் ஜெர்மனிப் பக்கத்தைப் புரட்டினால், பூச்சியங்கள் வரிசையாக நிற்கும் சிறு தாள்கள் பல அகப்படும். மலிவானவை என்று பலர் அவற்றை ஒதுக்கிவிடுகின்றனர். மலிவானவைதாம். ஆயினும் 1918 முதல் 1923 வரை ஒரு நாடு பட்ட பாட்டை அவற்றைப் போல் எடுத்துக்காட்டும் பொருள் வேறொன்று எளிதில் கிடைக்காது.

1918 நவம்பர் 9ஆம் நாள் பேரரசர் இரண்டாம் வில்லியம் முடி துறந்ததாக அறிவிக்கப்பட்டது, ஜெர்மனி குடியரசாயிற்று. ஆனால் அஞ்சலகத்தில் விற்ற தபால் தலையில் பழைய முகமே நீடித்தது. நாட்டையே பெண்ணாக உருவகித்து, தலையில் முடியும் மார்பில் கவசமும் அணிவித்து, 1900இல் வெளியிட்ட 'ஜெர்மானியா' உருவம் அது. குடியரசு பிறந்து சில ஆண்டுகள் சென்ற பின்னும் அது அச்சாகி வந்தது. முடியாட்சி மறைந்த நாட்டில் முடி சூடிய தலை! புதிய ஆட்சியினர் அதனை அகற்ற அவசரப்படவில்லை. மக்கள் கடிதம் எழுதுவதை நிறுத்தவில்லையே!

கத்தோலிக்கர் மிகுந்த பவேரியாவின் கதை இதனினும் சுவையானது. பேரரசினுள் அடங்கியிருந்தபோதும் அது தனக்கெனத் தனி அஞ்சல் துறையை வைத்திருந்தது. 1918 நவம்பர் 7ஆம் நாள் புரட்சி வெடிக்கவே, மன்னர் மூன்றாம் லுட்விக் அன்றிரவே மியூனிக் நகரை விட்டு வெளியேறினார். அவருடைய உருவம் தாங்கிய தபால் தலைகளோ கட்டுக்கட்டாகக் கையிருப்பில் இருந்தன. அவற்றை எரித்துவிடவில்லை. 1919இல் மன்னர் முகத்தின் மேலேயே 'பவேரிய மக்கள் அரசு' என்று அச்சிட்டு விற்றனர். அதே ஆண்டில் அந்தச் சொல்லும் மாறி, 'பவேரிய சுதந்திர அரசு' என்றாயிற்று. 1920 ஏப்ரல் 1ஆம் நாள் பவேரிய அஞ்சல் துறை மத்திய அரசின் துறையோடு இணைந்தது. பவேரியா கடைசியாக வெளியிட்ட வரிசையில் உழவரும் விதைப்பவரும் இடம்பெற்றனர்; குழந்தை இயேசுவை ஏந்திய தேவதாயும் இடம்பெற்றார். அந்தத் தபால் தலைகளின் மீதும் 'ஜெர்மன் நாடு' என்ற எழுத்து ஏறியது.

இனிப் பூச்சியங்களுக்கு வருவோம். 1914இல் உள்நாட்டுக் கடிதம் ஒன்றுக்குக் கட்டணம் 10 பென்னிக். 100 பென்னிக் சேர்ந்தது ஒரு மார்க். ஆக, மகளின் திருமணத்துக்கென 10,000 மார்க் சேமித்து வைத்த ஒரு தந்தை அதைக் கொண்டு ஒரு லட்சம் கடிதங்கள் அனுப்பியிருக்கலாம். 1923 ஆகஸ்டு 24 முதல் கடிதக் கட்டணம் 20,000 மார்க். அவருடைய வாழ்நாள் சேமிப்பு ஒரு கடிதத்துக்குப் பாதிதான் காணும். நவம்பர் 1இல் கட்டணம் 10 கோடி. 5ஆம் நாள் 100 கோடி. டிசம்பர் 1இல் 10,000 கோடி! அச்சகங்கள் ஈடுகொடுக்க முடியாமல், 200 மார்க் தபால் தலையின் மேல் 20 லட்சம் என்று அச்சிட்டன. 5,000 கோடி மார்க் மதிப்புள்ள தபால் தலையும் வெளிவந்தது. இடையே நவம்பர் 15இல் புதிய நாணயம் புழக்கத்துக்கு வர, பழைய மார்க் ஒரு லட்சம் கோடிக்குப் புதியது ஒன்று என்று கணக்காயிற்று. நாணயம் நிலைத்தது, அந்தத் தந்தையின் பணம் திரும்பவில்லை.

சேகரிப்போர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பொதுவாகப் பழைய தபால் தலைகளில் பயன்படுத்தாததற்கே மதிப்பு மிகுதி. இங்கோ பெரும்பாலும் நிலைமை தலைகீழ். மதிப்பிழந்த தாள்கள் அஞ்சலகங்களில் குவியலாகத் தேங்கின. சில நாட்களே செல்லுபடியானவை கடிதத்தில் ஒட்டப்பட்டு முத்திரை பெற்றது குறைவு. ஆகவே பொய் முத்திரை குத்தி ஏமாற்றுவோர் அன்றே தோன்றிவிட்டனர். இதனைச் சோதித்துச் சான்று தருவதற்கென்றே பெர்லினில் 'இன்ஃப்ளா' என்ற சங்கம் பணிபுரிந்து வந்துள்ளது.

எனவே, உறையோடு கிடைத்த தபால் தலையை நீரில் ஊறவைத்துப் பிரித்துவிட வேண்டாம். ஊரும் தேதியும் ஒட்டிய தொகையும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்க உறை வேண்டும். 1923 நவம்பர் 6ஆம் தேதி முத்திரையிட்ட கடித உறையில் 10 கோடி மார்க் மட்டுமே ஒட்டியிருந்தால், வாங்குமுன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.