குறை சொன்னால் கோபிப்பார்களா?

பந்திங்கிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். “நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் கடை கடையாகப் போய்ச் சாப்பிட்டு எழுதுவதை வாரம் தவறாமல் படிக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம். உங்களுக்குப் பிடிக்காத கடையே இந்த நாட்டில் இல்லையா?”

கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவர் தேத்தண்ணி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “நல்லாத்தான் கேட்டிருக்காங்க. பதில் சொல்லு” என்றார். கேள்வி இருவருக்கும்தான். பதில் சொல்வது மட்டும் எப்போதும் என் வேலை.

பிடிக்காத கடைகள் நிறையவே உண்டு, அம்மா. அவற்றைப் பற்றி எழுதாமல் விட்டுவிடுவோம், அவ்வளவுதான். இந்த வாரம் விடப் போவதில்லை. கடையின் பெயரை மட்டும் போடமாட்டோம். புதிதாகப் படிப்பவர்களுக்கு எங்கள் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்: நாங்கள் யார் என்று கடையில் சொல்லிக்கொள்வதில்லை. காசு கொடுத்துத்தான் சாப்பிடுவோம். இரண்டு தடவையாவது சாப்பிடாமல் எழுதுவதில்லை. மதிப்பெண் பத்துக்கு, ஆளுக்கு ஒன்று. அவர் பார்ப்பது கறியும் ரசமும். நான் பார்ப்பது பொரியல், கை கழுவும் இடம், பில்.

மீன் துண்டின் விலை

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவுக்குப் புடவை எடுக்கப் போனால் மதியச் சாப்பாட்டையும் அந்தப் பக்கமே முடித்துக்கொள்வோம். அன்று ஞாயிற்றுக்கிழமை. போன கடையில் நல்ல கூட்டம். உட்கார்ந்த மறு நிமிடம் இலை வந்தது. சோறு, மூன்று வகைக் காய், அப்பளம், மோர் மிளகாய் எல்லாம் வரிசையாக வந்தன. பாகற்காயை மெல்லியதாகச் சீவி, மொறுமொறுவென்று பொரித்திருந்தார்கள். ரசத்தில் மிளகு சரியான அளவு. இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கினார் அவர்.

பிறகு தட்டை ஏந்திக்கொண்டு ஒரு தம்பி வந்தார். பொரித்த தெங்கிரி, நண்டு, சோத்தோங். “மீன் வைக்கட்டுமா, அங்கிள்?” அங்கிள் தலையை ஆட்டிவிட்டார். எனக்கும் சேர்த்து இரண்டு துண்டு.

பில் வந்தது. இரண்டு இலைச் சாப்பாடு 24 வெள்ளி. தண்ணீர் வகை 7 வெள்ளி. மீன் இரண்டு துண்டு 36 வெள்ளி. சேவை வரியோடு மொத்தம் 71 வெள்ளி. சாப்பாட்டை விட மீனுக்கு அதிகம் கொடுத்தோம்.

மீன் நல்ல மீன்தான். அதை மறுக்கவில்லை. ஆனால் அதன் விலை சுவரிலும் இல்லை, மேசையிலும் இல்லை, அந்தத் தம்பியின் வாயிலும் இல்லை. விலையைத் தெரியும்படி வைப்பது இந்நாட்டில் கடைக்காரரின் சட்டப்படியான கடமை. வைக்காவிட்டால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் செய்யலாம். அதற்கு முன்னால், வாயைத் திறந்து கேட்பது நம் கடமை. “ஒரு துண்டு எவ்வளவு?” என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

வரியைப் பற்றியும் பலர் கேட்கிறீர்கள். 2024 மார்ச் மாதம் சேவை வரி பலவற்றுக்கு 8 விழுக்காடாக உயர்ந்தபோதும் உணவுக்கு 6 விழுக்காடாகவே வைத்தார்கள். ஆண்டு விற்பனை 15 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும் உணவகங்கள்தான் பதிவு செய்து இந்த வரியை வசூலிக்க வேண்டும். அதனால்தான் பெரிய கடை பில்லில் வரி இருக்கிறது, தாமான் கடை பில்லில் இல்லை.

அவர் 8. நான் 6. “மீனைத் தின்னுட்டு ரெண்டு மார்க் குறைக்கிறியே” என்றார். மீனுக்கு நான் குறைக்கவே இல்லை.

பொட்டலத்தில் வந்த இலைச் சாப்பாடு

மறுவாரம் அதே கடையில் பொட்டலம் கட்டி வாங்கி வந்தோம். இது வேறு கடையோ என்று தோன்றியது. கொதிக்கும் சோற்றின் மேல் அப்பளத்தை வைத்து மூடியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து திறந்தால் அப்பளம் ஈரத் துணி மாதிரி மடங்கியது. போன வாரம் மொறுமொறுவென்று இருந்த பாகற்காயும் அதே கதி.

சிலாங்கூரில் 2017-இலிருந்து வெள்ளை நுரைப் பெட்டிக்குத் தடை இருக்கிறது. நல்ல காரியம். ஆனால் எந்தப் பெட்டியில் கட்டினாலும் ஆவி வெளியே போக வழியில்லாமல் இறுக்கி மூடினால் உள்ளே இருப்பது நமத்துத்தான் போகும். அதனால் பொட்டலம் வாங்கும்போது மூன்றைச் சொல்லுங்கள்: அப்பளமும் பொரித்ததும் தனித் தாளில், கறியைச் சோற்றில் ஊற்றாமல் தனிப் பையில், ரசமும் தனியாக. சொன்னால் செய்கிறார்கள். நாங்கள் சொல்லவில்லை. அவர் 5, நான் 4.

பொட்டலம் என்றால் புட்டு மாயம்தான். எங்கள் பக்கம் சாயங்காலம் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வருவார். தாளில் இடியாப்பம், மேலே தேங்காய்ப் பூ, பழுப்புச் சர்க்கரை. ஆறினாலும் கெடாத பண்டம். இருவரும் 9. இந்த வாரம் சண்டையில்லாமல் நாங்கள் ஒத்துப்போனது இங்கே மட்டும்தான்.

எங்கள் தாமான் கடை

இனி சொல்லப் போவதுதான் சங்கடமானது.

எங்கள் தாமானில் ஒரு சின்னக் கடை. எட்டு மேசை. அம்மா சமையல், மகன் கல்லா. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது கடையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது, பொட்டலம் மட்டும்தான். அந்த மாதங்களில் வாரத்துக்கு மூன்று நாள் அந்தக் கடைச் சோறுதான் எங்களுக்கு. ஒரு தடவை அவர் காய்ச்சலில் படுத்திருக்கிறார் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். மறுநாள் சாம்பார் பையோடு இன்னொரு பை இருந்தது. மிளகு ரசம். கேட்டதற்கு, “அதுக்கெல்லாம் காசா?” என்றார் அந்த அம்மா.

சில மாதங்களாக அங்கே சாப்பாடு சரியில்லை. சாம்பாரில் பருப்பு தனியாக, தண்ணீர் தனியாக நின்றது. ஆட்டிறைச்சிப் பெரட்டலை மென்று மென்று தாடை வலித்தது. மூன்று காயில் இரண்டு முட்டைக்கோஸ். ஒரு நாள் அப்படி ஆகலாம் என்று விட்டோம். அடுத்த தடவையும் அப்படியே. பெரியவர்கள் சொல்வார்கள், இலையை நம் பக்கம் மடித்தால் வயிறும் மனசும் நிறைந்தது என்று பொருள். அன்றும் நாங்கள் நம் பக்கம்தான் மடித்தோம். கல்லாவில் அந்தப் பிள்ளை, “எப்படி இருந்துச்சு, அக்கா?” என்று கேட்டதற்கு, “நல்லா இருந்துச்சு, தம்பி” என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

காரில் ஏறியதும் வாக்குவாதம்.

“இதை எழுதப் போறியா?” என்றார்.

“எழுதத்தானே வேணும்? ஒரு குடும்பம் ஞாயித்துக்கிழமை அறுபது வெள்ளி செலவு பண்ணி இதைச் சாப்பிடணுமா?”

“பேர் போடலேன்னாலும் நம்ம தாமான்காரங்களுக்கு எந்தக் கடைன்னு தெரியாதா? அந்த ரசத்தை மறந்துட்டியா?”

மறக்கவில்லை. அதனால்தான் பொய் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு கடைக்கு நாம் பட்ட கடனுக்காகப் படிக்கிறவர்களை ஏமாற்றலாமா என்று நான் கேட்டேன். பத்திரிகையில் சொல்லப் போவதை முதலில் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல உனக்குத் தைரியம் இருக்கிறதா என்று அவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வீடு வரும்வரை இருவரும் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றரைக்கு, கூட்டம் முடிந்த நேரமாகப் பார்த்துப் போனோம். தேத்தண்ணி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் என்னைப் பார்த்தார். நான் ஆரம்பித்தேன். சாம்பார், பெரட்டல், முட்டைக்கோஸ், மூன்றையும் சொன்னேன். போன தடவை நல்லா இருக்கிறது என்று பொய் சொன்னதையும் சொன்னேன்.

அந்தப் பிள்ளை கோபிப்பான் என்று நினைத்தேன். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அம்மாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை, ஆறு மாதமாக அடுப்படியில் நிற்க முடியவில்லை. ஊரிலிருந்து வந்த சமையல்காரர் அனுமதி முடிந்து திரும்பிவிட்டார், வேறு ஆள் கிடைக்கவில்லை. இப்போது விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அவனே சமைக்கிறான், பிறகு கல்லாவிலும் உட்காருகிறான்.

“வர்றவங்க சாப்பிட்டுட்டுப் போயிடறாங்க, அக்கா. அடுத்த வாரம் காணோம். ஏன் வரலேன்னு யாரும் சொல்றதில்ல. சாப்பாட்டாலயா, விலையாலயா, எதிர்ல திறந்த புதுக் கடையாலயான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் குரல் வந்தது. “நான் சொன்னா கேக்கிறானா? பருப்பு வேகறதுக்கு முன்னாடியே புளியை ஊத்துறான். அப்புறம் எங்கிருந்து வேகும்?”

அதுதான் விஷயம். புளிப்புச் சேர்ந்துவிட்டால் பருப்பு குழையாது, எவ்வளவு நேரம் கொதித்தாலும். வீட்டில் சமைக்கிற எல்லாருக்கும் தெரிந்தது, அவசரத்தில் எல்லாரும் ஒரு நாளாவது செய்கிற தப்பு. பெரட்டலுக்கும் அம்மா காரணம் வைத்திருந்தார்: இறைச்சியை முதலில் மெதுவாக வேகவிடாமல் மசாலாவோடு பெரிய தீயில் போட்டுவிடுகிறானாம். “நாலு அடுப்பு, ரெண்டு கைம்மா” என்றான் மகன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கிளம்பும்போது, பெயர் போடாமல் இதை எழுதலாமா என்று கேட்டேன். நாங்கள் யார் என்று அந்தக் கடையில் சொன்னது அப்போதுதான். யோசித்துவிட்டுச் சொன்னான்: “எழுதுங்க, அக்கா. பேர் இப்ப வேணாம். சாம்பார் சரியான பிறகு போடுங்க.” தேத்தண்ணிக்குக் காசு வாங்க மறுத்தான். அவர் டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டு வந்தார்.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் போனோம். உள்ளே அடுப்புக்குப் பக்கத்தில் அம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். உட்கார்ந்தபடியே சொல்லிக்கொண்டிருந்தார். சாம்பார் சாம்பாராக இருந்தது. பருப்பு கரைந்து, கத்திரிக்காய் உடையாமல், பெருங்காய வாசனையோடு. முட்டைக்கோஸ் ஒன்றாகக் குறைந்து, பக்கத்தில் புடலங்காய்க் கூட்டு வந்திருந்தது. பெரட்டல் இன்னும் கடினம்தான். அவர், “தேறிடும்” என்றார். நான், “இப்போதைக்கு ஆட்டிறைச்சி எடுக்காதீங்க” என்றேன். இந்தத் தடவை கல்லாவிலும் அதையே சொன்னேன்.

அவர் 7. நான் 5. அவர் கொடுத்த ஏழில் இரண்டு மார்க் அந்த மிளகு ரசத்துக்கு. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். மாற்றச் சொல்லவில்லை. என்னுடைய ஐந்து இன்றைய சாப்பாட்டுக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பந்திங் அம்மாவுக்கு ஒரு வார்த்தை. குறை சொன்னால் சிலர் கோபிக்கலாம். மீன் கடையில் விலைப் பட்டியல் எங்கே என்று கேட்டதற்குக் கல்லாக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்கள் தாமான் பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். யார் எப்படி என்று சொல்லிப் பார்த்தால்தான் தெரிகிறது. கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, எந்தப் பண்டம், என்ன குறை என்று மட்டும் சொல்லுங்கள். “முன்ன மாதிரி இல்ல” என்று பொதுவாகச் சொன்னால் சமைக்கிறவருக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

அந்தப் பெரட்டல் என்ன ஆனது என்று இன்னும் இரண்டு மாதத்தில் எழுதுகிறேன். அடுத்த வாரம் பினாங்கு. நாசி கண்டாரில் கறிகளைக் கலந்து ஊற்றச் சொல்வதா, தனித்தனியாகவா என்று இப்போதே வீட்டில் சண்டை ஆரம்பித்துவிட்டது.