கருவியும் கைப்பக்குவமும்

கலை வளரக் கருவி வேண்டும். கருவி கலையாக மனிதன் வேண்டும். இவ்வுண்மையை மறந்தோர் சிலர், 'சிந்தசைசர் வந்தது, இசை செத்தது' என எண்பதுகளின் திரையிசையைப் பழிக்கக் கேட்கிறோம். அப்பழி பொருந்துமா என்று சீர்தூக்கிப் பார்ப்போம்.

நரம்பும் தோலும் துளையும் இன்றி, மின்னலைகளால் ஒலியைப் படைப்பது சிந்தசைசர். 1964-இல் அமெரிக்கரான ராபர்ட் மூக் இதற்கு வழி திறந்தார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் சௌனிங் கண்ட முறையில் அமைந்த யமஹா டி.எக்ஸ். 7 கருவி 1983-இல் வெளிவந்து உலகெங்கும் பரவியது. மின்னிசைக் கருவிகள் தம்முள் உரையாடும் 'மிடி' என்னும் பொதுமொழி பிறந்ததும் அவ்வாண்டே.

அந்த அலை தமிழகத்தையும் தொட்டது. 1986-இல் வந்த 'புன்னகை மன்னன்', 'விக்ரம்' படங்களில் இளையராஜா மின்னிசையைத் துணிந்து முன்னிறுத்தினார். ஆயினும் அவர் வயலின் குழுவைக் கைவிட்டாரில்லை. விஜி மானுவலின் விரல்கள் கீபோர்டில் ஓட, அருகிலேயே வில்களும் ஓடின. அக்குழுவில் இளம்வயதில் கீபோர்டு வாசித்த திலீப்தான் 1992-இல் 'ரோஜா' தந்த ஏ.ஆர். ரஹ்மான்.

எதிர்ப்போரின் கவலையை நாம் எள்ளி நகையாடவில்லை. மெல்லிசை மேடையில் பலர் அமர்ந்த இடத்தில் கீபோர்டுடன் ஒருவர் அமர்ந்தபோது, கலைஞர் பலர் வீட்டில் அடுப்பு அணைந்தது. குழலைப் போலவும் வீணையைப் போலவும் அது நடித்ததன் விளைவு இது. பிறர் குரலில் பேசும் கருவி பிறர் பிழைப்பைப் பறிக்கும். தன் குரலில் பேசும் கருவியோ இசையின் எல்லையை விரிக்கும். எண்பதுகளின் சிறந்த பாடல்களில் நாம் போற்றுவது இந்த இரண்டாவதையே. வேறெக்கருவியும் தராத ஒலியை அங்கே அது தந்தது.

புதியதை ஐயுறுவதும் நமக்குப் புதிதன்று. மேனாட்டு வயலினைப் பாலுசுவாமி தீட்சிதர் கையிலெடுத்தார்; இன்று அஃதின்றிக் கருநாடக இசையரங்கு இல்லை. 1940 முதல் முப்பதாண்டுகள் அகில இந்திய வானொலி விலக்கிவைத்த ஆர்மோனியமோ நாடக மேடையிலும் பாட்டரங்கிலும் நிலைத்துவிட்டது.

நம் மணப்பாறை முறுக்கையே பாருங்கள். அதே மாவு, அதே அச்சு எவ்வூரிலும் கிடைக்கும். அந்தச் சுவை கிடைப்பதில்லை. அச்சு முறுக்கைப் பிழியும். பக்குவம் அறிந்தது கை. சிந்தசைசரும் ஓர் அச்சே.

ஆகவே மாணவச் செல்வங்களே! இன்று கணினியே முழுப்பாடலைக் கட்டித் தருகிறது. அதனை அஞ்சவும் வேண்டா, வணங்கவும் வேண்டா. முதலில் சுரம் பயிலுங்கள், செவியைத் தீட்டுங்கள், பிறகு பொத்தானை அழுத்துங்கள். அருகில் வயலினோடு ஒருவர் அமர்ந்திருந்தால், அவருக்கும் இடம் விட்டு அமருங்கள்.