இணைந்ததா? விழுங்கப்பட்டதா?

ஹவாய் அமெரிக்காவுடன் இணைந்தது என்பர். இணைந்ததா? 1893 சனவரியில் அரசி லிலியுவோகலானியின் ஆட்சியைக் கவிழ்த்தோர் யார்? சர்க்கரையின் சுவைகண்ட வெள்ளை வணிகரும் வழக்கறிஞரும்! அவர்களுக்கு அரணாக நின்றது எது? ‘பாஸ்டன்’ கப்பலினின்று இறங்கிய அமெரிக்கப் படை! அது அநீதி என அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கிளீவ்லண்டே சாற்றினார், அரியணையோ மீளவில்லை.

இணைப்பு வேண்டாமென 1897-இல் ஹவாய் மக்கள் 21,000-க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். உடன்படிக்கைக்குச் செனட்டில் மூன்றில் இரு பங்கு ஆதரவு கிட்டாதெனக் கண்டதும், 1898-இல், வெறும் பெரும்பான்மையே போதுமான கூட்டுத் தீர்மானத்தால் தீவை விழுங்கினர். வாயிற்கதவு அடைபட்டதும் கூரையைப் பிரித்து இறங்குபவனுக்கு என்ன பெயர்?

1993-இல் அமெரிக்கப் பேராயம் மன்னிப்புக் கோரியது. எந்த உரிமைக் கோரிக்கைக்கும் இது தீர்வாகாது என்றும் அதிலேயே எழுதிக்கொண்டது! கவர்ந்த பொருளைக் கையில் வைத்துக்கொண்டே ‘பொறுத்தருள்க’ என்பது நீதியா? நீரே தீர்ப்பளியும்!